லைசன்ஸில் வெளியே போனவர்கள்

இங்கிலாந்தில் 1913ஆம் ஆண்டு நிறைவேறிய மனக்குறைபாட்டுச் சட்டத்தில் 55, 56 என்று அடுத்தடுத்து இரண்டு பிரிவுகள் உண்டு. மனக்குறைபாடு உள்ளவர் என்று பதியப்பட்ட ஒருவரை, அவருக்குப் பொறுப்பானவர் கொடுமைப்படுத்தினாலோ வேண்டுமென்று கவனியாமல் விட்டாலோ குற்றம் என்கிறது முதலாவது. அப்படிப் பதியப்பட்ட பெண்ணோடு உடலுறவு கொள்வது குற்றம் என்கிறது இரண்டாவது. இப்படிப்பட்டவர்களை அடைத்துவைத்த கொலனி என்ற நிறுவனத்துக்கு உள்ளே இருந்தாலும், லைசன்ஸில், அதாவது நிபந்தனையோடான அனுமதியில், வெளி வீடொன்றில் வேலைக்கு விடப்பட்டிருந்தாலும் அந்தப் பிரிவு அவளுக்குக் காவல். வேண்டிய ஏற்பாடுதான். ஆனால் அவள் உழைத்த கூலியை ஒருவர் விழுங்கினால் தண்டிக்க இதைப்போல ஒரு பிரிவு அந்தச் சட்டத்தில் இல்லை. எனக்கு இந்த வீடு வேண்டாம் என்று அவள் சொன்னால் அதை யார் கேட்கவேண்டும் என்றும் இல்லை.

இந்தச் சட்டத்தால் அடைக்கப்பட்டவர்களை நான் நேரில் அறிவேன். எழுபதுகளின் தொடக்கத்தில் யாழ்ப்பாணத்தில் இருந்து தாதிப் பயிற்சிக்கு வந்த எனக்கு இடம் கிடைத்தது, வயல்வெளிக்கு நடுவே இருந்த ஒரு மனக்குறைபாட்டு ஆஸ்பத்திரியில். அப்படிப்பட்ட ஆஸ்பத்திரிகளுக்கு உள்ளூர்ப் பிள்ளைகள் வேலைக்கு வருவது குறைவு. அயர்லாந்து, மொரீசியஸ், மலேசியா, பிலிப்பைன்ஸ், இலங்கை என்று பல திசையிலிருந்தும் எங்களை எடுத்தார்கள். 1913ஆம் ஆண்டுச் சட்டம் அப்போது நீங்கிப் பத்து வருடத்துக்கு மேலாகியிருந்தது. அந்தச் சட்டத்தால் உள்ளே வந்தவர்களோ இன்னும் உள்ளேதான் இருந்தார்கள்.

வயதான பெண்களின் வார்டில் முதல் வாரமே எனக்குக் குழப்பம். நல்லாக வாசிக்கக்கூடியவர்கள், ஸ்வெட்டர் பின்னக்கூடியவர்கள், தாதிமாரின் தொப்பிகளுக்குக் கஞ்சி போட்டு மடிப்புக் குலையாமல் இஸ்திரி போடக்கூடியவர்கள். இவர்கள் ஏன் இங்கே? தொப்பி இஸ்திரி போடும் அம்மா ஒருவர்தான் எனக்கு லைசன்ஸ் கதையைச் சொன்னவர். முப்பதுகளில், அவருக்கு இருபது வயதிருக்கும்போது, ஒரு டொக்டர் வீட்டுக்கு வேலைக்காரியாக அனுப்பப்பட்டாராம். அடுப்புச் சாம்பல் அள்ளுவது, வெள்ளிப் பாத்திரம் துலக்குவது, படுக்கை விரிப்பது. ஞாயிறு பின்னேரம் மட்டும் லீவு, இருட்டுமுன் திரும்பவேண்டும், ஆண்பிள்ளைகளோடு கதைக்கக்கூடாது. பாண்காரப் பொடியனோடு கேற்றடியில் நின்று கதைத்ததை யாரோ கண்டு சொல்லிவிட்டார்கள். அந்தக் கிழமையே ஆஸ்பத்திரி வண்டி வந்து அவரைக் கூட்டிக்கொண்டு போனது. பிறகு முப்பது வருடத்துக்கு மேல் சலவைக்கூடம். அந்த டொக்டரின் மனைவி வருடா வருடம் கிறிஸ்மஸ் கார்ட் அனுப்பினாவாம். "நான் நல்லா வேலை செய்தனான், நேர்ஸ்" என்று அவர் என்னிடம் பலமுறை சொல்லியிருக்கிறார், நான் ஏதோ அதைச் சந்தேகித்ததுபோல.

இந்த லைசன்ஸ் எங்கிருந்து வந்தது என்று தேடத் தொடங்கியது அவரால்தான்.

சட்டத்துக்குப் பின்னால் இருந்தது பயம். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இங்கிலாந்தின் படித்த வகுப்பாரிடையே ஒரு எண்ணம் பரவியிருந்தது: மந்தபுத்தி தலைமுறை தலைமுறையாகக் கடத்தப்படுகிறது, மந்தபுத்தி உள்ளவர்கள் அதிகம் பிள்ளை பெறுகிறார்கள், இப்படியே விட்டால் நாடே தாழ்ந்துபோகும். 1904இல் அமைத்த அரச ஆணைக்குழு 1908இல் அறிக்கை தந்தது. செஷயரில் சாண்டில்பிரிட்ஜ் என்ற இடத்தில் 1902இல் கொலனி தொடங்கிய மேரி டென்டி, இவர்களுக்கு வேண்டியது வாழ்நாள் முழுவதும் பராமரிப்பு என்று ஊர் ஊராகப் பேசினார். வாழ்நாள் முழுவதும் என்றால் பிள்ளை பெறாமல் இருக்கும்படி என்று பொருள். பாராளுமன்றத்தில் இந்தச் சட்டமூலத்தை விடாமல் எதிர்த்தவர் ஜொசையா வெட்ஜ்வுட். சாக்லேட்டும் பார்லித் தண்ணீருமாக இரவிரவாக நின்று திருத்தத்துக்கு மேல் திருத்தம் கொண்டுவந்தார் என்று சொல்வார்கள். அவர் பக்கம் நின்றவர்கள் விரல்விட்டு எண்ணக்கூடியவர்கள். சட்டம் நிறைவேறி 1914 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்தது.

யாரை அடைக்கலாம் என்பதில் இருந்த தாராளம்தான் என்னை இன்றும் கோபப்படுத்துகிறது. கவனிப்பாரற்றுக் காணப்பட்டவர், கைவிடப்பட்டவர், பிழைக்க வழியில்லாதவர். வறியோர் நிவாரணம் வாங்கிக்கொண்டிருக்கும்போது கல்யாணமாகாமல் பிள்ளை பெற்றவள். இவர்களுக்கு மந்தபுத்தி என்று இரண்டு டொக்டர்கள் எழுதிக்கொடுத்து, நீதித்துறை அதிகாரி ஒருவர் உத்தரவிட்டால் போதும். உத்தரவு முதலில் ஒரு வருடம். பிறகு ஐந்து ஐந்து வருடமாகப் புதுப்பிக்கலாம். புதுப்பித்தலுக்கு எல்லை இல்லை. எதிர்த்து முறையிட, இன்று நாம் அறிந்த மாதிரி ஒரு தீர்ப்பாயமும் இல்லை.

கொலனிகள் நிரம்பின. மதிலுக்கு வெளியே காத்திருப்போர் பட்டியல் நீண்டது. இங்கேதான் லைசன்ஸ் முக்கியமாகிறது. 1929இல் வெளிவந்த வுட் குழு அறிக்கை, கொலனி என்பது தேங்கிய குட்டையாக இருக்கக்கூடாது, நீர் வந்து நீர் போகும் ஏரியாக இருக்கவேண்டும் என்ற கருத்தை முன்வைத்தது. உள்ளே பழக்கு, வெளியே வேலைக்கு அனுப்பு, அந்தக் கட்டிலில் அடுத்தவரை ஏற்று. பெண்கள் வீட்டு வேலைக்கும் ஆஸ்பத்திரி, விடுதிச் சமையலறைகளுக்கும் போனார்கள்; ஆண்கள் பண்ணைகளுக்குப் போனார்கள். இரண்டாம் உலகப் போர் நாட்களில் ஆளுக்குத் தட்டுப்பாடு வந்தபோது, நேற்றுவரை வெளியில் விட ஆபத்தானவர் என்று எழுதப்பட்டவர்களுக்கும் பண்ணைகளில் இடம் இருந்தது. போர் முடிந்ததும் அந்த அனுபவத்தில் இருந்து யாரும் உடனே பாடம் எடுத்ததாகத் தெரியவில்லை.

லைசன்ஸில் போனவர் விடுதலையானவர் அல்லர். சட்டத்தின் கண்ணில் அவர் இன்னும் தடுப்பில் இருப்பவர்தான். எப்போதும், காரணம் காட்டாமலே, திருப்பி அழைக்கலாம். தானாக வேலையை விட்டுப் போனால் அவர் தப்பியோடியவர். பொலிஸ் பிடித்துக்கொண்டு வந்து விடும். கூலியைப் பல இடங்களில் நிறுவனமே கையாண்டது: ஒரு பகுதி வங்கிக் கணக்கில், கையில் சில சிலிங். அந்த வங்கிப் புத்தகத்தைப் பார்க்கக் கேட்பதுகூட நன்றிகெட்ட தனமாகத் தோன்றும் ஒரு சூழல்.

மேற்பார்வை இல்லாமல் இருக்கவில்லை. அதை நியாயமாகச் சொல்லவேண்டும். கட்டுப்பாட்டு வாரியம் என்று லண்டனில் ஒரு அமைப்பு, அதற்கு ஆணையாளர்கள். ஈவ்லின் ஃபொக்ஸ் தலைமையில் இயங்கிய மத்திய மனநல நலன்புரிச் சங்கமும் அதன் உள்ளூர்க் கிளைகளும் வீடு வீடாகப் போய்ப் பார்க்கும் பெண்களை வைத்திருந்தன. அவர்களில் பலர் உண்மையான அக்கறையோடு மழையிலும் பனியிலும் சைக்கிளில் போனவர்கள். ஆனால் போய் யாரோடு கதைத்தார்கள்? இஸ்திரி அம்மாவிடம் இதைக் கேட்டேன். பார்வையாளர் அம்மா வருவா, வீட்டம்மாவோடு முன்னறையில் இருந்து கதைப்பா, என்றார். நீங்கள்? "தேத்தண்ணித் தட்டைக் கொண்டுபோய் வைப்பன்."

காவல் என்ற பெயரில் நடந்ததன் முழு அமைப்பும் எனக்கு அந்தப் பதிலில் தெரிந்தது. அவள் சுத்தமாக இருக்கிறாளா, சொல் கேட்கிறாளா, இரவில் வெளியே போகிறாளா, ஆண்பிள்ளைகளோடு சேர்கிறாளா என்பவைதான் அறிக்கையின் கேள்விகள். 56ஆம் பிரிவு ஆணைத் தண்டிக்க எழுதப்பட்டது. நடைமுறையில் தண்டனை பெண்ணுக்கே போனது. அவளைத் தொட்டவன் தனக்கு அவள் நிலை தெரியாது, சந்தேகிக்கவும் காரணமில்லை என்று நிறுவினால் தப்பலாம். அவளோ கேற்றடியில் நின்று கதைத்ததற்கே திருப்பி அழைக்கப்படுவாள். வேலைகொடுத்தவரிடமிருந்து அவளைக் காப்பதைவிட, அவளிடமிருந்து ஊரைக் காப்பதற்கே அந்த ஏற்பாடு நன்றாக வேலை செய்தது.

இன்னொரு சங்கடமும் இருந்தது. நிறுவனங்கள் வாய்விட்டுச் சொல்லாதது. வெளி வேலைக்குத் தகுதியானவர்கள்தான் உள்ளே எல்லா வேலைகளையும் இழுத்துச் செய்பவர்கள். சலவைக்கூடம், சமையலறை, சப்பாத்துத் தைக்கும் கூடம், தோட்டம், மாட்டுப்பட்டி. நடக்க முடியாத சின்னப் பிள்ளைகளைக் குளிப்பாட்டி உணவு ஊட்டியதும் பெரும்பாலும் இந்தப் பெண்கள்தான். நல்ல வேலைக்காரியை லைசன்ஸில் அனுப்பினால் அடுத்த திங்கள் சலவைக்கு யார்? நான் பயிற்சிக்கு வந்த காலத்தில்கூட, ஒரு மூத்த நோயாளி காய்ச்சலில் படுத்தால் வார்ட் முழுவதும் தடுமாறும். அவர்களுக்குக் கிடைத்தது சிகரெட்டுக்கும் இனிப்புக்கும் காணும் காசு.

ஐம்பதுகளில்தான் இது பொதுவெளிக்கு வந்தது. 1934இல் தொடங்கிய குடியியல் சுதந்திரங்களுக்கான தேசிய சபை, நோயாளிகளிடமும் உறவினரிடமும் இருந்து வந்த கடிதங்களைச் சேர்த்து 1951இல் ஒரு சிறுநூல் வெளியிட்டது. ஐம்பதாயிரம் பேர் சட்டத்துக்கு வெளியே நிற்கிறார்கள் என்பதே அதன் தலைப்பு. அதே காலத்தில் ஜாக் டிசார்ட், நீல் ஓகொன்னர் என்ற இரண்டு உளவியலாளர்கள் லண்டனைச் சுற்றியிருந்த நிறுவனங்களில் இருந்தவர்களை ஆராய்ந்தார்கள். மந்தபுத்தியினர் என்று வகைப்படுத்தி அடைத்த பெரியவர்களின் சராசரி நுண்ணறிவு ஈவு 70க்குச் சற்று மேல். அதாவது வெளியே எந்தத் தெருவிலும் தாமாக உழைத்து வாழ்பவர்களிடம் காணக்கூடிய அளவு. கென்ட் மாவட்டத்து டேரன்த் பார்க்கில் அட்டைப்பெட்டி மடிக்கும் பட்டறை வைத்துப் பார்த்தபோது, பழக்கினால், கூலி கொடுத்தால், பலர் தொழிற்சாலை வேகத்தை நெருங்கமுடியும் என்று கண்டார்கள். இருவரும் எழுதிய நூல் 1956இல் வந்தது.

அதே 1956இல்தான் உயர்நீதிமன்றத்தில் ரட்டி வழக்கு. பதினேழு வயதில் நிறுவனத்தில் அடைக்கப்பட்ட பெண். குழந்தைப் பருவத்தில் இருந்து உள்ளூராட்சி மன்றத்தின் பராமரிப்பில் வளர்ந்தவர். 'கவனிப்பாரற்றுக் காணப்பட்டவர்' என்ற காரணத்தில்தான் அவரை அடைத்திருந்தார்கள். அரசின் பராமரிப்பிலேயே இருந்த பிள்ளை எப்படிக் கவனிப்பாரற்றவள் ஆவாள் என்று கேட்டது நீதிமன்றம். தலைமை நீதிபதி கொடார்ட் பிரபு இருந்த அமர்வு, அடைத்தது சட்டவிரோதம் என்று தீர்த்து அவரை விடுவித்தது. அதே காரணத்தை எழுதி அடைத்த எத்தனையோ பேரின் கோப்புகளை நாடெங்கும் திரும்பத் திறக்கவேண்டி வந்தது. நாற்பது வருடமாக எல்லோரும் கையெழுத்திட்ட ஒரு காரணம் ஒரு கேள்விக்கு நிற்கவில்லை. பெர்சி பிரபு தலைமையிலான ஆணைக்குழு 1957இல் அறிக்கை தந்தது. 1959ஆம் ஆண்டு மனநலச் சட்டம் பழைய சட்டத்தை நீக்கித் தீர்ப்பாயங்களை ஏற்படுத்தியது. கட்டுப்பாட்டு வாரியமும் போனது.

கதவைத் திறந்துவிட்டால் எல்லோரும் போய்விடுவார்கள் என்று நினைத்தது வேறு கதை. போக இடம் இல்லை, ஆள் இல்லை. எண்பதுகளில் ஆஸ்பத்திரிகள் மூடத் தொடங்கின. டேரன்த் பார்க் 1988இல் மூடப்பட்டது. நானும் வார்டைவிட்டுச் சமூகத் தாதியாக மாறினேன். என் பொறுப்பில் இருந்தவர்களில் சிலர் ஹோட்டல் சமையலறையில் பாத்திரம் கழுவினார்கள், சிலர் தோட்ட வேலைக்குப் போனார்கள். போய்ப் பார்க்கும்போது நான் முதலாளி போட்டுத் தரும் தேத்தண்ணியைக் குடிக்கமாட்டேன். மரியாதைக்குறைவாகத்தான் இருந்திருக்கும். வேலை செய்பவரை வெளியே கூட்டிக்கொண்டு நடப்பேன், பஸ் நிறுத்தத்தில் இருந்து கதைப்பேன், சம்பளச் சீட்டைக் காட்டச் சொல்வேன். வங்கி அட்டை யார் கையில் இருக்கிறது என்று கேட்பேன். ஒருவர், "முதலாளி பத்திரமா வச்சிருக்கிறார்" என்று சந்தோஷமாகச் சொன்னார். அந்த வேலையை அன்றோடு நிறுத்தினேன். அவருக்கு என்மேல் கோபம். அந்தச் சமையலறையில் அவருக்கு நண்பர்கள் இருந்தார்கள். வேறு வேலை கிடைக்கும்வரை அவர் என்னோடு கதைக்கவில்லை.

இதெல்லாம் பழங்கதை என்று நினைத்திருந்தேன், அமெரிக்காவின் அயோவா மாநிலத்தில் இருந்து வந்த ஒரு செய்தியை வாசிக்கும்வரை.

அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தில் அறிவுசார் குறைபாடு உள்ளவர்களை வைத்திருந்த அரச பள்ளிகள் இருந்தன. அவற்றில் ஒன்று அபிலீன் என்ற ஊரில். அங்கிருந்தும் பிற இடங்களிலிருந்தும் இளைஞர்களை எடுத்து, கோல்ட்த்வெயிட் என்ற ஊரின் பண்ணையில் வான்கோழி வேலைக்குப் பழக்கியது ஹென்ரிஸ் டேர்க்கி சேர்விஸ் என்ற நிறுவனம். அந்தக் காலத்தில் இது முற்போக்கான திட்டம். நிறுவனச் சுவருக்குள் வாழ்நாளைக் கழிப்பதைவிட வெளிக்காற்றில் உழைப்பது மேல் என்று பெற்றோரும் அதிகாரிகளும் நம்பினார்கள். 1974இல் ஒரு குழுவை அயோவாவில் அட்டலிஸ்ஸா என்ற சிற்றூருக்கு அனுப்பினார்கள். குன்றின்மேல் இருந்த பழைய பள்ளிக்கூடக் கட்டடத்தை ஊராட்சி வாடகைக்குக் கொடுத்தது. விடியுமுன் எழுந்து பக்கத்து வெஸ்ட் லிபர்ட்டித் தொழிற்சாலைக்குப் போய், வரிசையில் தொங்கிவரும் வான்கோழிகளின் குடலையும் இரைப்பையையும் பிடுங்கி எடுப்பது வேலை. ஊர்த் திருவிழா ஊர்வலத்தில் அவர்கள் வருவார்கள், தேவாலயத்தில் பாடுவார்கள். ஊரார் அவர்களைப் 'பையன்கள்' என்று பிரியமாக அழைத்தார்கள். ஐம்பது வயதிலும் பையன்கள்தான்.

அவர்கள் கைக்கு வந்தது மாதம் 65 டொலர். அதே வரிசையில் அதே வேலை செய்த மற்றத் தொழிலாளர் மணிக்கு 11, 12 டொலர் வாங்கினார்கள். மிச்சக் கூலியையும் அரசு தரும் உதவித்தொகையையும் உணவு, இருப்பிடம், பராமரிப்பு என்று நிறுவனம் எடுத்துக்கொண்டது. இதற்கு நிழல் கொடுத்தது 1938ஆம் ஆண்டு நியாயத் தொழில் தரச் சட்டத்தின் 14(சி) பிரிவு. குறைபாடு உள்ளவர் எவ்வளவு உற்பத்தி செய்கிறாரோ அதற்கேற்பக் குறைந்தபட்சக் கூலிக்குக் கீழே கொடுக்கலாம் என்பது அது.

எச்சரிக்கைகள் வரவில்லையா? வந்தன. எழுபதுகளிலேயே அயோவாச் சமூக சேவகர் ஒருவர் தன் மேலதிகாரிகளுக்கு எழுதினார். 1979இல் 'டி மொயின் ரெஜிஸ்டர்' பத்திரிகை விரிவாக எழுதியது. அதிகாரிகள் வந்தார்கள், பார்த்தார்கள், போனார்கள். முப்பது வருடம். 2009 பெப்ரவரியில், ஒருவரின் சகோதரி அவருடைய சேமிப்பில் ஒன்றுமே இல்லை என்று கண்டு கேள்வி கேட்கத் தொடங்கிய பிறகுதான், தீயணைப்பு அதிகாரி அந்தக் கட்டடத்தை மூட உத்தரவிட்டார். கதவு, ஜன்னல்களில் சில அடைக்கப்பட்டிருந்தன, கொதிகலன் வேலை செய்யவில்லை, கரப்பான்பூச்சி. மூத்தவர்களுக்கு அறுபது கடந்திருந்தது. பல்லும் கையும் காலும் பழுதாகியிருந்தன.

2013 மே முதலாம் திகதி டாவன்போர்ட் நகரத்து நடுவர் குழு, 32 பேருக்கு ஆளுக்கு 75 லட்சம் டொலர் என்று மொத்தம் 24 கோடி டொலர் நட்டஈடு விதித்தது. சிறிய நிறுவனங்களுக்குச் சட்டம் வைத்த உச்சவரம்பால் அது ஆளுக்கு 50,000 டொலராக, மொத்தம் 16 லட்சமாகச் சுருங்கியது. அதற்கு முந்தைய வருடமே நிலுவைக் கூலிக்காக நீதிமன்றம் 13 லட்சம் டொலர் விதித்திருந்தது.

நியூ ஹாம்ப்ஷயர் மாநிலம் 2015இல் குறைகூலி அனுமதியைத் தன் எல்லைக்குள் நிறுத்தியது; மேரிலண்ட், அலாஸ்கா என்று வேறு மாநிலங்களும் பின்தொடர்ந்தன. கூட்டரசின் தொழில் திணைக்களம் நாடு முழுவதும் அதைப் படிப்படியாக நிறுத்த 2024 டிசம்பரில் ஒரு விதியை முன்மொழிந்தது. 2025இல் அந்த முன்மொழிவு திரும்பப் பெறப்பட்டது. 14(சி) இன்றும் சட்டத்தில் இருக்கிறது. அதை நீக்கவேண்டும் என்று நான் உறுதியாக நினைக்கிறேன். வேலையிடங்களே இல்லாமல் போய்விடும் என்று அதை ஆதரிக்கும் பெற்றோரின் பயமும் எனக்கு விளங்குகிறது. வேலை போனதற்காக என்மேல் கோபித்த அந்த மனிதரை நான் மறக்கவில்லை. அவருக்கு வேறு வேலை தேடிக் கொடுக்கவேண்டியது என் கடமையாக இருந்தது. அரசுக்கும் அதே கடமை உண்டு, முழுக் கூலியோடு.